மறுபதிப்பின் இரண்டாவது தட்டு

சுவிஸ் நாட்டின் ஆராவ் ரயில் நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடையில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடை ஒன்று உண்டு. சனிக்கிழமை காலைகளில் என்னை அங்கேதான் பார்க்கலாம். என் மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள், சனிக்கிழமையும் அவளுக்கு வேலை நாள். நான் தமிழ்க்கடையில் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் வாங்கி, அந்தப் பையோடேயே இசைத்தட்டுக் கடைக்குள் நுழைவேன். கடைக்காரி என்னைவிட மூத்தவர், ஒரு காலத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். இந்த நாட்டுக் குழுக்கள் வெளியிட்ட றொக் இசைத்தட்டுகளைப் பற்றி ஏதும் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார். இதெல்லாம் ஒரு தமிழனுக்கு எப்படித் தெரியும் என்று முதல் வருடம் வியந்தார். பிறகு வியப்பதை விட்டுவிட்டார்.

போன வருடம் ஒரு நாள் நான் உள்ளே போனதுமே மேசைக்கு அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார். அட்டையைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சள் நிறத்தில் ஒரு மலைத்தொடர், அதன் மேல் கோணலாக எழுதிய எழுத்துகள். இன்டர்லாக்கனில் நான் வேலை செய்த ஹோட்டலின் நிலவறையில் ஒலிப்பதிவான தொகுப்பு அது. வெளிவந்த காலத்தில் யாரும் வாங்கவில்லை. பிறகு எப்படியோ வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேட ஆரம்பித்தார்கள். இப்போது யாரோ ஒரு சிறிய நிறுவனத்தார் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்திருந்தார்கள், இரண்டு தட்டுகளாக, தடித்த அட்டையில், ஒரு சிறு புத்தகமும் வைத்து.

"உங்களிடம்தான் முதல் பதிப்பு இருக்கிறதே. கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். முதல் பதிப்பு வைத்திருப்பவர்கள் இதையும் வாங்கலாமா? நாலு வரி எழுதித் தந்தால் அட்டையில் ஒட்டிவிடுவேன்" என்றார்.

எங்களுக்குள் அது வழக்கம்தான். நான் எழுதிக் கொடுக்கும் சின்னத் துண்டுகளைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். புதிய தட்டு கனமானது, தூசிச் சத்தம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் உரக்க ஏற்றியிருந்தார்கள். பாடகன் மெதுவாகத் தொடங்கிப் பிறகு கத்தும் இடத்தில், மெதுவானதும் கத்தலும் ஒரே உயரத்தில் நின்றன. அட்டையின் மஞ்சள், பழையதில் அரைத்த கடுகின் நிறம். புதியதில் எலுமிச்சை. பாடல் வரிகள் அச்சான பழைய தாள் இதில் இல்லை. முதல் பதிப்பு வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை என்று மனதுக்குள் எழுதியும் விட்டேன்.

பிறகு இரண்டாவது தட்டைப் போட்டேன்.

அதைச் சொல்வதற்கு முன் அந்த ஹோட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுச் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். என்னோடு சட்டி கழுவியவர் மட்டக்களப்புப் பக்கத்தவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன், அவர் என்னை மனே என்பார், அவர்கள் ஊரில் மகனே என்பது அப்படி. ஊரில் அவருக்கு மனைவி இருந்தார். அவர் புறப்பட்டு வந்தபோது அந்த மனைவி கர்ப்பமாக இருந்திருக்கிறார். அது அவருக்கே இங்கே வந்த பிறகுதான் தெரியும்.

ஹோட்டலின் நிலவறையில் யாரும் விளையாடாத ஒரு கேகல் கூடம் இருந்தது, மரப்பந்தை உருட்டிக் கட்டைகளை விழுத்துகிற நீண்ட அறை. முதலாளியின் மருமகன் ஒரு றொக் குழுவில் மேளம் அடிப்பவன். நாலு பேரும் அந்தக் கூடத்தில் பழகினார்கள், கடைசியில் அங்கேயே ஒலிப்பதிவும் செய்தார்கள். கூடத்துக்கும் எங்கள் கழுவுமிடத்துக்கும் நடுவில் ஒரு நடைபாதை. மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்கும்வரை மற்றவர்கள் அறைக்குப் போய்ப் படுப்பார்கள். எங்கள் இருவருக்கும் பெரும்பாலும் பெரிய சட்டிகள் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில்தான் குழுவும் வாசிக்கும். சுவரோடு சுவராக அந்தப் பாட்டுகளை எத்தனை நூறு தடவை கேட்டிருப்போம். அண்ணைக்கு வரிகள் விளங்காது. ஆனால் மேளம் எங்கே நிற்கும், எங்கே திரும்பத் தொடங்கும் என்பது மனப்பாடம். சரியான இடத்தில் அகப்பையால் சட்டியில் ஒரு தட்டுத் தட்டுவார். இசைத்தட்டு வெளிவந்தபோது அந்த மேளக்காரன் எனக்கு ஒன்று கொடுத்தான். அண்ணை அப்போது ஹோட்டலில் இல்லை. என்னுடைய சேகரிப்பு அந்த ஒரு தட்டில் தொடங்கியது.

இரண்டாவது தட்டில் இருந்தவை, கழித்துப் போட்ட ஒலிநாடாக்கள். சிறு புத்தகத்தில் விளக்கம் இருந்தது. எதிரொலி வேண்டும் என்பதற்காக நடைபாதையிலும் ஒரு ஒலிவாங்கி வைத்திருந்தார்களாம், அது நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்ததாம். மூன்றாவது ஒலித்துண்டின் கீழே, 'சமையலறைச் சத்தம், அடையாளம் தெரியாத பணியாளர்களின் பேச்சு' என்று போட்டிருந்தது.

அதைப் படித்தபோது சிரித்தேன். கருவியின் முள்ளை எடுத்து மூன்றாவது துண்டில் வைத்தேன்.

முதலில் தண்ணீர் விழும் சத்தம். சட்டி ஒன்றை இழுக்கும் சத்தம். பிறகு, என் வரவேற்பறையில், என் புத்தக அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று கதைப்பதுபோல அவர்.

"கடிதம் வந்திரிக்கி மனே. புள்ளைக்கு நாலு மாசமாம். குப்புறப் புரளுதாம்."

"படம் அனுப்பினவையோ?" அது என் குரல் என்று தெரிய எனக்குச் சற்று நேரம் எடுத்தது.

"படம் புடிக்க எங்க போற? என்ட மூக்காம் மனே புள்ளைக்கு. பாவம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மூக்கில் தொடங்கித் தொண்டைக்குள் இறங்கும். அப்படி அவர் சிரிப்பார் என்பதையே நான் மறந்திருந்தேன். இருபத்தொன்பது வயதுக் குரல். என் மகனுக்கு இப்போது அதைவிட வயது கூட.

பிறகு அவர் சொன்னார், "போகத்தான் மனம். ஆனா பயமா இரிக்கி."

"என்னத்துக்கு அண்ணை பயம்? இப்ப சண்டை நிண்டிட்டுதுதானே. போயிட்டு வாங்கோ. ஒண்டும் நடக்காது."

"போனா இஞ்சத்த பேமிட் போயிரும்."

"அதைப் பிறகு பாப்பம். பிள்ளையை இப்ப பாக்காட்டி எப்ப பாக்கிறது? நானெண்டால் நாளைக்கே வெளிக்கிட்டிடுவன்."

நான் ஓடிப்போய் முள்ளைத் தூக்கினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோலச் சன்னலையும் சாத்தினேன்.

அந்தப் பேச்சுக்கு மூன்று கிழமை கழித்து அவர் புறப்பட்டார். கொழும்பில் இறங்கி, ஊருக்குப் போய், மகளைப் பார்த்தார். பதினொரு நாள் அவளைத் தூக்கி வைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பன்னிரண்டாம் நாள் காலை சந்திக் கடைக்கு மா வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். உடலும் இல்லை, கடிதமும் இல்லை. இன்றுவரை இல்லை.

செய்தியைச் சொல்ல, பிரெஞ்சு பேசும் ஊரான ரெனானிலிருந்து அவருடைய மைத்துனர் தொலைபேசி எடுத்தபோது கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் ஏன் மறிக்கல்ல?" என்பது. யோசிக்காமல் வாயில் வந்தது, "எவ்வளவோ மறிச்சுப் பாத்தனான். கேக்கேல்லை."

அவ்வளவுதான் தொடக்கம். அதைப் பிறகு எத்தனை பேரிடம் சொன்னேன் என்று தெரியாது. சொல்லச் சொல்ல அதற்குக் கைகால் முளைத்தது. இன்டர்லாக்கன் ரயில் மேடையில் நான் அவருடைய பையைப் பிடித்து இழுத்தது, அவர் என் கையை மெதுவாக விடுவித்தது, ரயில் ஏறியபின் என்னைப் பார்க்காமல் நின்றது. இவையெல்லாம் என் நினைவில் இருந்தன. பொய் சொல்கிறேன் என்று நினைத்துச் சொல்லவில்லை. நான் கண்டதாகவே நினைத்திருந்தேன். அந்தத் தட்டு ஓடும்வரை.

அவர் போன அடுத்த கிழமை செஃப் என்னைச் சட்டி கழுவும் இடத்திலிருந்து எடுத்துச் காய்கறிச் சலாது போடும், சம்பளம் கூடிய பகுதிக்கு மாற்றினார். அந்த இடம் அண்ணைக்கு என்று பேசி வைத்திருந்தது. 'நாளைக்கே வெளிக்கிட்டிடுவன்' என்று சொன்ன வாய்க்கு அது அப்போது தெரியுமா? பல நாள் இருந்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவில்லை. ஒரு தடவை பொய்யாக நினைவிருந்தவன், இப்போது நினைவில்லை என்று சொல்வதை நானே நம்பவில்லை.

அதன்பிறகு என் வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. மனைவி குசினியில் குழாயைத் திறந்தால் அடுத்ததாக அவர் கதைக்கப் போகிறார் என்று காது நிற்கும். தட்டுகளைக் கழுவும் இயந்திரம் ஓடும்போது நான் வெளியே நடக்கப் போய்விடுவேன். வேலைத்தலத்தில் யாராவது பின்னால் சட்டியைத் தட்டி வைத்தால், திரும்பிப் பார்ப்பதற்கு முன் ஒரு கணம் எனக்கு இருபத்திரண்டு வயது.

"உங்களுக்கு என்ன நடந்தது?" என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவளும் தட்டைக் கேட்டாள். கேட்டு முடித்து, "அவவுக்குக் குடுக்க வேணும்" என்றாள், "அது அவவின்ர மனுசன்ர குரல். உங்கட இல்லை."

அவள் சொன்னது அண்ணையின் மனைவியைப் பற்றி. மகளுக்கு ஆறு வயதானபோது அவர்கள் இருவரையும் ரெனானில் இருந்த அந்த மைத்துனர் கூப்பிட்டு எடுத்துவிட்டார். வருடா வருடம் பொங்கலுக்கு நான் அங்கே போவேன். அந்த அக்கா இன்றும் பொட்டு வைத்திருக்கிறார், திவசம் செய்ததில்லை. நான் போனால் வருகிறவர்களுக்கெல்லாம் என்னை ஒரே விதமாகத்தான் அறிமுகப்படுத்துவார்: "எங்கட ஆளை மறிச்ச ஒரே ஆள் இவருதான்."

கொடுக்கத்தான் வேண்டும் என்று தெரிந்தும் நான் செய்த முதல் வேலை வெட்கக்கேடானது. அந்தப் பகுதியைக் கைப்பேசியில் பதிவுசெய்து, என் குரல் வரும் இடங்களை வெட்டினேன். மூக்கைப் பற்றியதும் சிரிப்பும் இருக்கும், நான் சொன்னது இருக்காது. முப்பது வயது தாண்டிய அவர்கள் மகளுக்குப் போன் எடுத்து, "அப்பாவின்ர குரல் ஒண்டு கிடைச்சிருக்கு பிள்ளை, கொண்டு வாறன்" என்றேன். அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் போனேன். பையில் தட்டும் இருந்தது, சூட்கேஸ் மாதிரி மூடுகிற சின்ன இசைத்தட்டுக் கருவியும் இருந்தது. வெட்டியதைக் கொடுப்பதாகத்தான் முடிவு, இருந்தும் தட்டை ஏன் கொண்டுபோனேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அக்கா நெற்றியில் புதிதாகத் திருநீறு பூசி, கோயிலுக்கு வெளிக்கிட்டவர்போல இருந்தார். மேசையில் கைப்பேசியை வைத்து அழுத்தினேன். புள்ளைக்கு நாலு மாசமாம், குப்புறப் புரளுதாம். என்ட மூக்காம். சிரிப்பு. அக்கா கைப்பேசியைக் கையில் எடுத்து, அது உடைந்துவிடும் என்பதுபோல இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டார். மகள் தன் மூக்கைத் தொட்டாள். அவள் அதை அறிந்து செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

முடிவில் அந்த வசனம் இருந்தது. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை, அவருடைய குரல் அல்லவா. "போகத்தான் மனம். ஆனா பயமா இரிக்கி." அதோடு நின்றது.

"இவ்வளவுதானா மாமா?" என்றாள் மகள்.

"ஓம்."

"பயமா இருக்கு எண்டு அப்பா உங்களுக்குத்தானே சொல்றார். நீங்க என்ன சொன்னீங்க?"

அக்கா சொன்னார், "அவரு மறிச்சிருப்பாரு. அதப் போடுங்க தம்பி, அதையும் கேப்பம்."

அவர் அதை ஆசையோடு கேட்டார். அந்த ஆசைக்கு முன்னால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கருவியைத் திறந்து, தட்டை வைத்து, முள்ளை இறக்கினேன். அது இரண்டு தடவை தவறிப் பாட்டுக்குள் போய்விட்டது. மூன்றாம் தடவை சரியாக விழுந்தது.

நானெண்டால் நாளைக்கே வெளிக்கிட்டிடுவன் என்று நான் சொல்லும்வரை யாரும் அசையவில்லை.

"நிப்பாட்டுங்க" என்றார் அக்கா.

நிறுத்தினேன்.

"நீங்க மறிச்சதெண்டு சொன்னீங்க."

"ஓம் அக்கா."

"நான் எத்தின பேருக்குச் சொல்லியிரிக்கன்."

நான் கருவியை மூடப் போனேன்.

"எழும்பிப் போங்க தம்பி" என்றார். கோபக் குரலில் இல்லை. களைத்துப்போன ஒருவர், விருந்தினர் வெகுநேரம் இருந்துவிட்டால் சொல்வதுபோலச் சொன்னார்.

மகள்தான் கதவுவரை வந்தாள். "தட்டையும் மெஷினையும் வெச்சிட்டுப் போங்க" என்றாள். வைத்துவிட்டுப் போனேன். வழியில் பீல் நிலையத்தில் ரயில் மாற இறங்கியவன், மாற வேண்டிய ரயிலை விட்டுவிட்டு மேடையில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன்.

தட்டின் காசோடு கடைக்காரியிடம் கொடுத்த துண்டில் இப்படித்தான் எழுத முடிந்தது: 'முதல் பதிப்பு உள்ளவர்களுக்கு முதல் தட்டு தேவையில்லை; சத்தத்தை ஏற்றி நிதானத்தைக் கெடுத்திருக்கிறார்கள். இரண்டாவது தட்டு இசைக்காக வாங்க வேண்டியது அல்ல.' அவர் அதைப் படித்துவிட்டு, "வேறு எதற்காக?" என்று கேட்டார். நான் சொன்னேன். கடை நடுவில் நின்று, என் அரைகுறைச் சுவிஸ் ஜெர்மனில், முழுவதையும். அவர் துண்டை ஒட்டவில்லை. கடையில் இருந்த மற்றப் பிரதியில் அன்று வேறு எதையும் ஒட்டவில்லை.

அடுத்து வந்த பொங்கலுக்கு ரெனானிலிருந்து அழைப்பு வரவில்லை. நானும் போகவில்லை. வீட்டில் பொங்கினோம். மனைவி எனக்குப் போட்ட பொங்கலை நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

மாசி முடியும் நேரத்தில் அக்காவின் மகள் போன் எடுத்தாள். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"மாமா, உங்கட கதைக்குப் பிறகு அப்பா ஒண்டு சொல்றார். அந்த நேரம் மேளம் தொடங்குது, விளங்கேல்ல. நாங்க எத்தினையோ தரம் போட்டுப் பாத்திட்டம். அம்மா உங்கள வரச் சொல்றா. பக்கத்தில நிண்டது நீங்கதானே."

எனக்கு அது புதிதாக இருந்தது. வீட்டில் எத்தனையோ தடவை போட்டும், என் வசனம் முடிந்ததும் முள்ளைத் தூக்கிவிடுவேன். அதற்கு அப்பால் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

போனேன். அக்கா வாங்க என்று சொல்லவில்லை, கதிரையைக் காட்டினார். கருவி சாமிப்படங்கள் வைத்த பலகைக்குக் கீழே ஒரு சின்ன மேசையில் இருந்தது. முள்ளை வைப்பதில் அவருக்கு இப்போது என்னைவிடக் கை நிதானம். தட்டிலே எந்தக் கோட்டில் விழ வேண்டும் என்று மூக்குக்கண்ணாடி போடாமலே தெரிந்திருந்தது.

என் குரல் முடிந்தது. மேளக்காரன் குச்சிகளால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தட்டினான். அந்த நாலுக்குள், தண்ணீருக்கு மேலால், அண்ணை ஏதோ சொல்கிறார். மூன்று சொல் இருக்கலாம், நாலும் இருக்கலாம். பிறகு எல்லாக் கருவிகளும் சேர்ந்து வந்து மூடிவிடுகின்றன.

"எனக்கு 'புள்ள' எண்டு கேக்குது" என்றாள் மகள். "கடைசிச் சொல்லு."

"இல்ல" என்றார் அக்கா. "'நான் போகல்ல' எண்டு சொல்றாரு. வடிவாக் கேளுங்க தம்பி. போகல்ல எண்டுதானே சொல்றாரு?"

திரும்பப் போட்டார். கேட்டேன். இன்னொரு தடவை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த நடைபாதையை, ஆவியில் நனைந்த சுவரை, அவருடைய முதுகை நினைத்துப் பார்த்தேன். அவர் வாய் அசைவது தெரிய வேண்டும் என்று நினைத்தேன். முதுகுதான் தெரிந்தது.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகமாட்டேன் என்று அண்ணை சொன்னார் என்றால், பிறகு எது அவரைப் போக வைத்தது என்று இன்னொரு கேள்வி வரும். ஆனால் இந்த நிமிடத்தில் அந்தச் சொல் அக்காவுக்குத் தேவையாக இருந்தது. அதை என்னால் சுலபமாகக் கொடுக்க முடியும். முப்பது வருடம் அப்படி ஒன்றைக் கொடுத்து வந்தவன் நான்.

"எனக்குத் தெரியேல்லை அக்கா" என்றேன். "அண்டைக்குக் கேட்டிருப்பன். இப்ப ஞாபகமில்லை. கேட்டாலும் விளங்கேல்லை."

தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது, பாட்டு நடந்துகொண்டிருந்தது.

"சரி" என்றார் கடைசியில். "தெரியாதெண்டால் தெரியாதுதான்."

பிறகு முள்ளைத் தூக்கி, துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, திரும்பவும் அதே இடத்தில் வைத்தார். நான் எழும்பவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை. மூன்று பேரும் குனிந்து காதைக் கொடுத்துக்கொண்டு, அந்த நாலு தட்டலுக்காகக் காத்திருந்தோம்.